பூச்சாடிக்குக் கீழே பாதி மெஷின்

சார், தப்பாக நினைக்காதீர்கள். வத்தலக்குண்டில் பஸ் ஏறியதிலிருந்து பார்க்கிறேன், செல்போனில் குண்டை உருட்டிக்கொண்டே வருகிறீர்கள். பின்பால்தானே, சாய்ந்த பலகையில் குண்டு கீழே விழாமல் தட்டித் தட்டி மேலே அனுப்புகிற ஆட்டம்? நினைத்தேன். இடது பக்கத் தட்டியை ரொம்ப அவசரப்பட்டு அடிக்கிறீர்கள். குண்டைத் தட்டியின் மேல் ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும், அப்புறம்தான் அடிக்க வேண்டும். இல்லை சார், நான் ஆடியதில்லை. ஒரு தடவைகூட ஆடியதில்லை. ஆனால் அதைப் பற்றி இந்த மதுரை வட்டாரத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

போனை உள்ளே வைத்துவிட்டீர்களா? நல்லது. அதை எப்போது வேண்டுமானாலும் ஆடலாம். மலை ஏறி முடிய நேரம் இருக்கிறது. ஒரு நியாயம் கேட்க வேண்டும் உங்களிடம். நீங்கள் வெளியாள், அதனால்தான் கேட்கிறேன்.

என் பெயர் லூர்துநாதன். மின்வாரியத்தில் இருந்தேன், கொடைக்கானலில். என் மனைவியின் அண்ணன் பெர்க்மான்ஸ் அங்கே ஏரிக்குப் போகிற வழியில் ஒரு வீடியோ கேம் சென்டர் வைத்திருந்தார். தொண்ணூற்று நான்கு. அந்தக் கோடைச் சீசனில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

மச்சானிடம் நாலு மெஷின் இருந்தது. மூன்று சாதாரண வீடியோ கேம், திரையும் கைப்பிடியும் மட்டும். நாலாவதுதான் விஷயம். தூத்துக்குடியில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். கப்பலில் மாலுமிகள் ஆடிக்கொண்டிருந்த மெஷின் என்று விற்றவன் சொல்லியிருக்கிறான். பொய். கப்பல் ஆடும், சார். இந்த மெஷினை லேசாக ஆட்டினாலே போதும், 'டில்ட்', அதாவது சாய்த்துவிட்டாய், என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். கப்பலில் வந்திருக்கலாம், கப்பலில் ஆடியிருக்க முடியாது. இதை மச்சானிடம் சொன்னேன். "வாங்கியாச்சு மாப்ளே" என்றார். அவர் அப்படித்தான். உண்மையில் அக்கறை கிடையாது.

மஞ்சளாக ஒருவன், முகம் பூராவும் வாய், கட்டம் கட்டமான சந்துகளில் ஓடிப் புள்ளிகளை விழுங்குவானே, நாலு பேய் துரத்துமே, அவனை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எங்கள் ஊரில் மஞ்சவாயன் என்பார்கள். அவனுடைய மெஷின்தான் அது. ஆனால் பாதிதான். மேலே சின்னத் திரை, அதில் மஞ்சவாயனும் பேய்களும். கீழே கண்ணாடிக்கு அடியில் நிஜப் பின்பால்: இரும்புக் குண்டு, இரண்டு தட்டி, வளைவு, விளக்கு எல்லாம். திரையின் அடியில் இரண்டு சுரங்க வாசல் இருக்கும். மஞ்சவாயன் அதற்குள் இறங்கினால் திரையில் ஆட்டம் நிற்கும், கீழே 'டக்'கென்று நிஜக் குண்டு வந்து விழும். குண்டைத் தவறவிட்டால் திரும்பவும் மேலே.

எப்படி இப்படி ஒன்று பிறந்தது என்கிறீர்களா? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன், கதைக்கு அவசியம். அமெரிக்காவில் வீடியோ கேம் வந்ததும் பின்பால் படுத்துவிட்டது. பின்பால் செய்கிறவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் பிழைப்பைக் கெடுத்தவன் படத்தையே எடுத்துத் தங்கள் மெஷினில் ஒட்டினார்கள். எண்பதில், வானத்திலிருந்து வரிசை வரிசையாக இறங்குகிற அந்த வேற்றுலகப் படையைப் பின்பால் ஆக்கினார்கள். எண்பத்திரண்டில் மஞ்சவாயனையும் அவன் சம்சாரத்தையும் ஜோடியாகப் போட்டு ஒரு பின்பால். அதே வருஷக் கடைசியில் அவர்கள் குழந்தை பேரில் இந்தப் பாதிப் பாதி மெஷின். ஒரே வருஷத்தில் ஜோடியும் குழந்தையும், அமெரிக்காவில்தான் நடக்கும். பிறகு கொஞ்ச காலம் ஓய்ந்து, தொண்ணூற்றிரண்டில் மீசை வைத்த குழாய் ரிப்பேர்க்காரன், தொண்ணூற்று மூன்றில் தெருச்சண்டைக்காரர்கள். எனக்கு எப்படித் தெரியும்? கொடைக்கானலில் வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் இல்லையா, அவர்கள் போட்டுவிட்டுப் போகிற பத்திரிகைகள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பேப்பர் கடைக்கு வரும். என்னைத் தவிர யாரும் அதைத் தொட மாட்டார்கள். கடைக்காரர் கட்டுக்கட்டாக எனக்கே எடுத்து வைத்துவிடுவார்.

சரி. அந்த ஏப்ரலில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையொன்றில் குண்டு மெஷின் வைத்துப் பந்தயம் கட்டி, சுற்றுலா வந்த பையன்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். உடனே உத்தரவு. குண்டு உருட்டுகிற மெஷின் எல்லாம் சூதாட்டம், வீடியோ கேம் மட்டும்தான் வைக்கலாம், ஒரு குண்டு மெஷின் அகப்பட்டாலும் கடைக்கே லைசென்ஸ் ரத்து. கனகசபாபதி என்று ஒரு அதிகாரி, புதிதாக வந்தவர், கடை கடையாக ஏறினார். இரண்டு கடைக்குச் சீல் வைத்துவிட்டார்.

மச்சானுக்கு அந்தக் கடைதான் எல்லாம். கொடைக்கானலில் சீசன் இரண்டு மாதம். அதில் ஓடினால்தான் மிச்ச வருஷம் அடுப்பு எரியும். கட்டிடத்துக்காரர் வேறு, கடை பூட்டிக் கிடந்தால் அடுத்த வாரமே சாக்லேட் வியாபாரிக்குக் கொடுத்துவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அந்த நாலாவது மெஷினை ஒளித்துவைக்கலாம் என்றால் முடியாது. பீரோ கனம், நாலு பேர் தூக்க வேண்டும், வாசல் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம்.

அப்போது மச்சான் மனைவி ரோஸ்லின் ஒரு யோசனை சொன்னாள். "ஏங்க, மேல பாதி வீடியோதானே? கீழ பாதியை மூடிட்டா?"

மூடினார்கள், சார். ஒரு பலகை வெட்டி, கீழ்க் கண்ணாடியின் மேல் வைத்து, சிவப்பு வெல்வெட் துணி விரித்து, அதன் மேல் பூச்சாடி. பிளாஸ்டிக் டாலியா. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். மஞ்சவாயன் சுரங்கத்துக்குள் இறங்காதவரை குண்டு வெளியே வராது. வராத குண்டை யார் பார்க்கப் போகிறார்கள்?

அன்று காலையில் என் மனைவி அமலோற்பவம் என்னிடம் சத்தியம் வாங்கினாள். "அண்ணன் கடைக்கு அதிகாரி வர்றாரு. நீங்க அங்க போகக்கூடாது. போனாலும் வாயத் திறக்கக்கூடாது. ஒரு வார்த்தை பேசக்கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"நான் எதற்குப் பேசப் போகிறேன்?" என்றேன். சத்தியமும் செய்தேன். போகாமல் இருக்க முடியுமா? ஒரு வரலாற்று மெஷினை அரசாங்கம் சோதிக்கப் போகிறது. விஷயம் தெரிந்தவன் ஒருவனாவது பக்கத்தில் இருக்க வேண்டாமா?

அதிகாரி வந்தார். ஒல்லி. கண்ணாடி. நாலு மெஷினையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு போலீஸ்காரர், கையில் அரக்கும் சீல் கட்டையும். நாலாவது மெஷினிடம் நின்றார்.

"இது என்னய்யா பூச்சாடி?"

"சும்மா அழகுக்கு சார்" என்றார் மச்சான்.

"ஆடிக் காட்டு."

மச்சான் ஆடினார். மஞ்சவாயன் ஓடினான், பேய்கள் துரத்தின, மூலையில் போய் வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு செத்தான். முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நகருய்யா, நான் பாக்குறேன்" என்று கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

சார், அந்த மனுஷன் நேரே கீழே இறங்குகிறார்! சுரங்க வாசலுக்கு இரண்டு சந்து மேலே மஞ்சவாயன் வந்துவிட்டான். பின்னால் சிவப்புப் பேய். இறங்கினால் குண்டு விழும். பலகைக்கு அடியிலிருந்து சத்தம் வரும். கடை போகும்.

"மேல சார்! மேல!" என்று மச்சான் கத்தினார். "கீழ போனா செத்துருவீங்க!"

அதிகாரி திடுக்கிட்டு மேலே இழுத்தார். திரும்பவும் பேய் மறித்தது. திரும்பவும் கீழே.

"இடது பக்கம் சார், இடது பக்கம் காலியா இருக்கு... ஐயோ கீழ வேணாம் சார்!"

ரோஸ்லின் கல்லாவில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் சுற்றுலாக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர், "சார், கீழ ஒரு வழி இருக்கே, அதுல போங்க, தப்பிச்சுரலாம்" என்று யோசனை வேறு சொன்னார். மச்சான் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள். சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

மஞ்சவாயன் வாசலுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் போய்ப் பேயிடம் அகப்பட்டுச் செத்தான். மச்சான் விட்ட மூச்சில் டாலியா ஆடியது.

அதிகாரிக்கு ஏக சந்தோஷம். சிரிக்கக்கூடத் தெரியும் அவருக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. "விடாம தொரத்துதேய்யா" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வீடியோ கேம், ஆட்சேபணை இல்லை என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. மெஷினைத் தட்டிக் கொடுத்தபடி சொன்னார்: "ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான். என்னமா பண்ணியிருக்கான் மெஷினை!"

மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? "ஆமா சார், சுத்த ஜப்பான் சார்" என்றார்.

மச்சானுக்குத் தெரியும், சார்! நானே சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தெரிந்தே சொல்கிறார். அரசாங்க அதிகாரி ஒருவர் தப்பான தகவலோடு கடையை விட்டு வெளியே போகப் போகிறார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"விளையாட்டு ஜப்பான், சார்" என்றேன். "மெஷின் சிகாகோ."

அவ்வளவுதான் சொன்னேன். இரண்டு வாக்கியம். அதில் என்ன தப்பு?

அதிகாரி திரும்பினார். "சிகாகோவா? வீடியோ கேம் ஜப்பான்லதானே பண்றான்? சிகாகோல என்ன பண்றான்?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? "பின்பால், சார். உலகத்துக்கே அதுதான் தலைநகரம்" என்றேன்.

"பின்பால்னா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் கண்ணுக்குச் சத்தியம் வாங்கவில்லையே, சார். கண் தன்னால் பூச்சாடிக்குப் போய்விட்டது. அவரும் அங்கேயே பார்த்தார்.

பூச்சாடியைத் தூக்கினார். வெல்வெட்டைத் தூக்கினார். பலகையைத் தூக்கினார்.

ரோஸ்லின்தான் எழுந்து வந்தாள். "அது ரிப்பேர் சார். வாங்கினதுலேர்ந்து ஓடாது."

அதிகாரி என்னைப் பார்த்து, "ஓடாதா?" என்றார். நான் பேசவில்லை. ஓடும் என்கிற மாதிரி தலையை மட்டும் ஆட்டினேன். தலையாட்டுவது பேச்சில் சேராது.

போலீஸ்காரர் அரக்கை எடுத்தார். மச்சான் முகம் வெளுத்து, வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. "சார், பொண்டாட்டி பிள்ளைக்காரன் சார். சீசன் முடியட்டும் சார், நானே உடைச்சுப் போட்டுர்றேன்" என்றார்.

அங்கேதான், சார், நான் அவரைக் காப்பாற்றினேன். இதை யாரும் சொல்வதில்லை. எல்லாரும் முதல் பாதியைத்தான் சொல்வார்கள்.

"ஐயா, இது சூதாட்டம் இல்லை, திறமை" என்றேன். "நியூயார்க்கில் இதே வழக்கு நடந்திருக்கிறது. அங்கேயும் தடை போட்டிருந்தார்கள். நகரத் தலைவரே சம்மட்டி எடுத்து மெஷின்களை உடைத்திருக்கிறார்."

"அமெரிக்காவுலயே தடையா?" அதிகாரி போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர் அரக்குக்குத் தீப்பெட்டி தேடினார்.

"முழுசாகக் கேளுங்கள், ஐயா. எழுபத்தாறில் ஒரு ஆட்டக்காரர் நகரசபையில் எல்லார் முன்னாலும் மெஷினைக் கொண்டுவந்து வைத்து, குண்டு எந்த வழியாகப் போகும் என்று முதலிலேயே சொல்லி, சொன்ன வழியிலேயே அனுப்பிக் காட்டினார். திறமை என்று ஒப்புக்கொண்டு தடையை எடுத்துவிட்டார்கள்."

அதிகாரி நியாயமானவர், சார். யோசித்தார். மச்சானைப் பார்த்தார். "நீ காட்டுவியா?"

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றார்.

"எங்க போகும், சொல்லு."

"வலது பக்க வளைவு சார். சுத்தி வந்து இடது தட்டியில் விழும்."

மஞ்சவாயனைத் திருப்பினார். பேய்கள் வருவதற்குள் சுரங்கத்துக்குள் இறக்கினார். 'டக்.' குண்டு வந்தது. இடது தட்டியைத் தூக்கிப் பிடித்தார். குண்டு சரிந்து வந்து தட்டியின் மடியில் உட்கார்ந்தது. அசையவில்லை. மச்சானும் அசையவில்லை. வாசலில் கூட்டம் அசையவில்லை. வெளியே ஒரு குதிரைக்காரன் சவாரிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், அவனை யாரோ அதட்டினார்கள். ரோஸ்லின் உதடு மட்டும் அசைந்தது, 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

தட்டியைக் கீழே விட்டார். குண்டு நுனிக்கு உருண்டது. அடித்தார்.

வலது வளைவு, சார். கோடு போட்ட மாதிரி ஏறி, சுற்றி, இறங்கி, இடது தட்டியில் வந்து விழுந்தது. கூட்டம் கைதட்டியது. போலீஸ்காரர் தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டு, "சூப்பருண்ணே!" என்றார்.

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். "இது சூது இல்லய்யா" என்றார், சத்தமாகவே சொன்னார். பேப்பரை மெஷின் மேல் வைத்தார். ரோஸ்லின் அழுதுகொண்டே சிரித்தாள். மச்சான் என் தோளில் கை போட்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

எழுதப் போகிற நேரத்தில் அதிகாரி நிமிர்ந்து, பிரியமாகத்தான் கேட்டார், எங்கள் மேல் ஏதோ ஒரு மதிப்பு வந்துவிட்ட மாதிரி: "அந்த அமெரிக்காக்காரரும் இப்படித்தான் அடிச்சாரோ?"

"ஆமாம், ஐயா. அடித்தவுடனே ஒப்புக்கொண்டார்கள்."

தோளில் மச்சான் கை அழுத்தியது. நிறுத்து என்கிறார். புரியாமல் இல்லை. ஆனால் பாதி உண்மை என்பது முழுப் பொய்க்குத் தம்பி இல்லையா, சார்? எழுதிக் கையெழுத்துப் போடுகிற மனுஷனிடம் முழு விவரத்தையும் வைப்பதுதானே முறை?

"ஆனால்" என்றேன், "பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார், அது அதிர்ஷ்டம்தான் என்று."

பேனா நின்றது.

"அப்ப இவர் அடிச்சது?"

யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டுமே என்று நான்தான் சொன்னேன். "ஒரே ஒரு அடியை வைத்து நிரூபணம் ஆகிவிட்டது என்று தர்க்கப்படி சொல்ல முடியாது, ஐயா."

அதிகாரி பேனாவை மூடினார். கோபமே இல்லை. "நியாயம்தான்" என்றார். "இன்னொரு தடவை அடிங்க."

தோளிலிருந்து கை போய்விட்டது. மச்சான் மறுபடியும் மெஷின் முன்னால் நின்றார். "வலது வளைவு" என்றார். மஞ்சவாயனை இன்னொரு சுரங்க வாசலில் இறக்கினார். குண்டு வந்தது. தட்டியைத் தூக்கினார், ஒரு இமைப்பொழுது தாமதம். குண்டு தட்டியின் நுனியில் பட்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக உருண்டு, இரண்டு தட்டிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் இறங்கிப் போய்விட்டது. யாரும் பிடிக்க முடியாத இடம் அது. மெஷினைக் கட்டினவர்களே வேண்டுமென்று விட்ட இடைவெளி. அதையும் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். ரோஸ்லின் பார்த்தாள். விட்டுவிட்டேன்.

சீல் வைத்தார்கள். முதலில் அந்த மெஷினுக்கு, பிறகு மற்ற மூன்றுக்கும், கடைசியில் கடைக்கு. உத்தரவு அப்படி. அந்த அதிகாரி, "மன்னிச்சுருங்க" என்றுகூடச் சொன்னார் மச்சானிடம்.

கடையைப் பூட்டுவதற்கு முன்னால் போலீஸ்காரர் மின்சார பிளக்கைப் பிடுங்கினார். மச்சான் அந்த மெஷின் எதிரிலேயே நின்றிருந்தார். அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரையில் படம் உடனே போகாது, சார். மஞ்சவாயன், பேய்கள், சந்துகள் எல்லாம் ஒன்றாக உள்ளே சுருங்கி, நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி மட்டும் நிற்கும். மச்சான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் மனுஷன்தானே. பக்கத்தில் போய் நின்று, அது ஏன் அப்படி ஆகிறது என்று அவருக்குச் சொன்னேன். திரையில் படம் வரைகிற கதிரை அங்குமிங்கும் இழுக்கிற காந்தம் முதலில் ஓய்ந்துவிடும், மச்சான், கதிர் ஓய்வதற்கு இன்னும் ஒரு கணம் பிடிக்கும், அதனால்தான் வெளிச்சம் எல்லாம் நடுவில் வந்து குவிகிறது, வேறு ஒன்றும் இல்லை என்று. பொறுமையாக, புரிகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தப் புள்ளி இருந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, சார்.

நான் சொன்னதில் எது தப்பு என்று நீங்களாவது சொல்லுங்கள்.